ஐம்பது வெள்ளியின் பின்பக்கத்தில் யார்?

நோட்டுப்பெட்டி:
நம்ம சுங்கை சிப்புட் குழுவில் "வெள்ளி நோட்டில் பெண் படம்" என்று துண்டுதுண்டாக ஓடும் பேச்சை இங்கே ஒரே இழையாகக் கட்டுகிறேன். வெள்ளி என்றால் நம் மலேசிய ரிங்கிட். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். நோட்டின் முன்பக்கத்தில் இருப்பவர் துங்கு அல்ல, துவாங்கு. நாட்டின் முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான். முதல் பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் இருப்பது 2012 வரிசை ஐம்பது வெள்ளியின் பின்பக்கத்தில், செம்பனை (எண்ணெய்ப்பனை) மரங்களோடு. ஆகவே "மாமன்னர் படத்தையா எடுக்கச் சொல்றே?" என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். பேச்சு பின்பக்கத்தைப் பற்றி மட்டும்.

1967 ஜூன் 12 முதல் நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா நான்கு வரிசை நோட்டு விட்டிருக்கிறது. நான்கிலும் முன்பக்க முகம் ஒன்றே. இப்போதைய பின்பக்கங்கள்: ஒரு வெள்ளியில் வாவ் பட்டம், ஐந்தில் இருவாட்சிப் பறவை, பத்தில் ரஃப்லேசியாப் பூ, இருபதில் இரண்டு ஆமைகள், ஐம்பதில் செம்பனையும் துங்குவும், நூறில் கினபாலு மலையும் முலு பாறைகளும். பறவைக்கும் ஆமைக்கும் இடம் கிடைத்திருக்கிறது.

நம் மண்ணின் காசில் பெண் முகமே வந்ததில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தப்பு. நீரிணைக் குடியேற்ற (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர்) காசில் விக்டோரியா இருந்தார். 1953 தேதியிட்ட மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ நோட்டில் எலிசபெத் இருந்தார். இரண்டு பேருமே லண்டன்காரர்கள். இந்த மண்ணில் பிறந்த பெண்ணின் முகம்தான் புழக்கத்துக்கு வரவில்லை.

கேள்வி இதுதான்: மனு போடுவதென்றால், வரலாற்றிலிருந்து ஒரு பெண் என்றால் யார், எந்த நோட்டில், ஏன்? காரணம் சொல்லாமல் பெயர் மட்டும் போடவேண்டாம்.

கோப்பிக்கடை:
முகம் வரல, கையெழுத்து வந்துச்சே! சேத்தி அக்தார் அசிஸ் 2000-லிருந்து 2016 வரைக்கும் கவர்னர். அப்புறம் நோர் ஷம்சியா 2018-லிருந்து 2023 வரைக்கும். அவங்க காலத்துல அச்சான நோட்டுல அவங்க கையெழுத்துதான். அந்தக் கையெழுத்தை எத்தனை பேர் பார்த்தீங்க? நம்ம ஆளுங்க நோட்டுல நம்பர் மட்டும்தான் பார்ப்பான்.

டீச்சரக்கா:
நான் சிக் சித்தி வான் கெம்பாங் பெயரைச் சொல்கிறேன். கிளந்தான் ராணி. அவர் ஒரு கீஜாங் மானை வளர்த்தார், அந்த மானைத் தங்கக் காசில் பொறிக்கச் சொன்னார் என்பது அங்கே வழிவழியாக வரும் கதை. கிளந்தானின் பழைய கீஜாங் காசுகள் இன்றும் இருக்கின்றன. பேங்க் நெகாரா சின்னத்தில் நிற்கும் மான் அந்தக் காசிலிருந்து வந்ததுதான். 2001-இல் விட்ட தங்க நாணயத்துக்கும் கீஜாங் எமாஸ் என்றே பெயர். மானுக்கு இத்தனை மரியாதை, மானை வளர்த்தவளுக்கு ஒன்றுமில்லை. காசோடு நேரடித் தொடர்புள்ள வேறு பெண் இந்த நாட்டு வரலாற்றில் உண்டா?

அச்சுக்கூடம்:
டீச்சர், தொடர்பு அருமை. ஆனால் முகத்துக்கு எங்கே போவது? நோட்டில் மனித முகம் போடுவதற்கு மரியாதை ஒரு காரணம் என்றால், கள்ளநோட்டைக் கண்டுபிடிப்பது இன்னொரு காரணம். பழகிய முகத்தில் கண்ணோ உதடோ ஒரு கோடு பிசகினாலும் சட்டென்று உறுத்தும். பூவில் ஓர் இதழ் மாறினால் யாருக்குத் தெரியும்?

செதுக்கு அச்சுக்கு முகத்தைத் தனித்தனிக் கோடாகவும் புள்ளியாகவும் உலோகத்தில் வெட்டுவார்கள். கோடு ஆழமாக இருக்கும் இடத்தில் மை மேடாக நிற்கும். விரலால் தடவினால் தட்டுப்படுவது அதுதான். இதற்கு நல்ல மூலப்படம் வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து வெளிச்சம், முக்கால் திருப்பிய முகம், பின்னணியிலிருந்து முடி பிரிந்து தெரியணும். கறுத்த முடி, கறுத்த பின்னணி என்றால் தலை எங்கே முடிகிறது என்றே தெரியாமல் மை அப்பிவிடும்.

மூலப்படமே இல்லாதவருக்குக் கற்பனை முகம் போட்டால் சண்டை வரும். இந்தோனேசியாவில் 2016-இல் ஆயிரம் ருப்பியா நோட்டில் ஆச்சேவின் சுட் மெயுத்தியா வந்தார். அவருக்குத் தலைத்துணி ஏன் இல்லை என்று பெரிய வாக்குவாதம். சித்தி வான் கெம்பாங் அவரைவிட மிகப் பழைய காலத்தவர். உடை, நகை, முகம் எல்லாவற்றுக்கும் நூறு பேர் நூறு கருத்து சொல்வார்கள்.

டீச்சரக்கா:
சரி, முகம் வேண்டாம். கீஜாங் காசையே பெரிதாக வரைந்து, பக்கத்தில் அவர் பெயரைப் போடட்டும்.

கோப்பிக்கடை:
மறுபடியும் மான்தானே வருது அக்கா.

சரித்திரம்சார்:
என் தேர்வு சிபில் கார்த்திகேசு. ஈப்போ பக்கம் இருந்துகொண்டு இவர் பெயரை ஆறாவது பதிவு வரைக்கும் யாரும் சொல்லவில்லை என்பதே ஆச்சரியம்.

1899 செப்டம்பர் 3, சுமத்ராவின் மேடானில் பிறந்தவர். தாதி, மருத்துவச்சி. கணவர் டாக்டர் ஏ.சி. கார்த்திகேசுவோடு ஈப்போ புரூஸ்டர் சாலையில், அதாவது இன்றைய ஜாலான் சுல்தான் இட்ரிஸ் ஷாவில், கிளினிக் வைத்திருந்தார். ஜப்பானியர் வந்த பிறகு பாப்பான் பட்டணத்தில் 74-ஆம் எண் கடைவீட்டுக்கு மாறினார்கள். காயப்பட்டு வந்த ஜப்பானிய எதிர்ப்புப் படைக்காரர்களுக்கு இரவில் மருந்து கட்டினார். வானொலியை மறைத்து வைத்து வெளியுலகச் செய்தி கேட்டார். 1943-இல் பிடிபட்டார். கெம்பெத்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீஸ் செய்த சித்திரவதையில் உடம்பு உருக்குலைந்தது. ஆனாலும் ஆள் பெயர் ஒன்றும் வாயிலிருந்து வரவில்லை. பத்து காஜா சிறையிலிருந்து 1945-இல்தான் வெளியே வந்தார். சிகிச்சைக்கு பிரிட்டன் கொண்டுபோனார்கள், ஜார்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். 1948 ஜூன் 12-இல் அங்கேயே இறந்தார். ஸ்காட்லாந்தில் புதைத்த உடலை 1949-இல் ஈப்போவுக்குக் கொண்டுவந்தார்கள்.

தேதியைக் கவனியுங்கள். ஜூன் 12 அவர் இறக்கிறார். ஜூன் 16 நம் சுங்கை சிப்புட்டில், எல்பில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலுமாக மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்படுகிறார்கள். அவசரகாலம் வந்துவிடுகிறது. அவர் யாருக்கு மருந்து கட்டினாரோ அந்தக் காட்டுப்படையினர் நான்கே நாளில் அரசாங்கத்தின் எதிரியாகிவிட்டார்கள். சிபில் பெயர் பல காலம் பாடப்புத்தகத்தின் ஓரத்திலேயே கிடந்ததற்கு இதைவிட வேறு காரணம் தேடவேண்டியதில்லை.

நோட்டுப்பெட்டி:
சார், இன்னொரு பொருத்தம்: மலேசியா தன் சொந்த நோட்டை முதலில் விட்டது 1967 ஜூன் 12. அவர் இறந்த அதே தேதி, 19 வருடம் கழித்து. வெறும் தற்செயல்தான், ஆனாலும் மனு எழுதுகிறவன் விடமாட்டான்.

கித்தாக்காட்டான்:
சிபில் தமிழச்சி இல்லையே. அப்பா ஐரிஷ் வழி யுரேசியர். நம்மவங்க யாரும் இல்லையா?

சரித்திரம்சார்:
தேசிய நோட்டுக்கு ஆள் தேடுகிறோம் தம்பி, சங்கத் தேர்தலுக்கு இல்லை. கணவர் இலங்கைத் தமிழர். அந்த அம்மா சரளமாகக் கண்டனீஸ் பேசுவார். பாப்பானில் அவரைத் தேடி வந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். ஒரே இனத்துக்குள் அடைக்க முடியாத ஆள் என்பதுதான் அவருக்குப் பலம்.

கித்தாக்காட்டான்:
அப்படியானால் நான் ஜானகி ஆதி நாகப்பன் என்கிறேன். 1925-இல் கோலாலம்பூரில் பிறந்தவர். 1943-இல் நேதாஜி சிங்கப்பூர் வந்தபோது 18 வயது. அந்த அக்டோபரில், இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறந்தது. படைத்தலைவி கேப்டன் லட்சுமி மெட்ராஸ்காரர். அவருக்கு அடுத்த நிலையில் நின்றவர் ஜானகி, இந்த மண்ணின் பெண். பிறகு மஇகா (மலாயா இந்தியர் காங்கிரஸ் கட்சி) 1946-இல் தொடங்கியபோது அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒருவர். 2000-இல் பத்மஸ்ரீ. 2014-இல் காலமானார். சீருடையில் எடுத்த படங்களும் இருக்கின்றன, அச்சுக்கூடம் அண்ணன் கேட்கிற மூலப்படக் கவலை இல்லை.

இன்னொன்று. அந்தப் படையில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதி மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். ஜானகி வசதியான வீட்டுப் பெண். பின்னால் அணிவகுத்தவர்கள் லயத்திலிருந்து, தோட்டத்து வரிசை வீடுகளிலிருந்து, போனவர்கள்.

சரித்திரம்சார்:
ஜானகி மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே 1943-இல் சிபில் ஜப்பானிய ராணுவப் போலீஸின் அறையில் அடி வாங்குகிறார். ஜானகி ஜப்பானியர் துணையோடு நடக்கும் படையில் பயிற்சி எடுக்கிறார். இரண்டு பேரும் ஆங்கிலேயர், ஜப்பானியர் என்ற இரண்டு கல்லுக்கு நடுவே தங்களுக்குச் சரி என்று பட்ட பக்கம் போனவர்கள். ஒரே நோட்டு வரிசையில் இரண்டு முகத்தையும் போட்டால், பின்பக்கத்தை விளக்கவே தனிப் புத்தகம் அச்சடிக்கணும்.

பால்மரம்:
அது மட்டுமா சார். சயாம் மரண ரயில் பாதை போடத் தோட்டத்துலேர்ந்து ஆயிரக்கணக்குல தமிழாளுங்களைப் புடிச்சிக்கிட்டுப் போனதும் அதே ஜப்பான்காரன்தான். ஆம்பளை திரும்பி வராத லயமும், பொண்ணு ராணிப் படைக்குப் போன லயமும் ஒரே தோட்டத்துல இருந்துச்சு. ஜானகி அம்மா படத்தை நோட்டுல பார்த்தா ஒரு வீட்டுல கும்புடுவாங்க, பக்கத்து வீட்டுல பேசாம மடிச்சி வச்சிருவாங்க.

டீச்சரக்கா:
போராட்டம் என்றாலே துப்பாக்கியும் சிறையுமா? தேவகி கிருஷ்ணனை யாருமே சொல்லவில்லை. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைத் தேர்தலில் பங்சார் வட்டாரத்தில் மலாயா சுதந்திரக் கட்சி சார்பில் நின்று ஜெயித்தவர். நாட்டில் தேர்தலில் வென்று பதவிக்கு வந்த முதல் பெண். நாடு சுதந்திரம் பெற இன்னும் ஐந்து வருடம் இருந்தது. முதல் பெண் அமைச்சர் பாத்திமா ஹாஷிம் 1969-இல்தான் வருகிறார். ஓட்டுப்பெட்டியும் கையுமாக ஒரு பெண் என்றால் யாருக்கும் சங்கடம் கிடையாது.

கோப்பிக்கடை:
சங்கடம் கிடையாது, பொதுமக்களுக்கு ஆளும் தெரியாது. நம்ம புள்ளைங்களைக் கேட்டுப் பாருங்க.

டீச்சரக்கா:
தெரிந்தவரைத்தான் போடணும் என்றால் நோட்டு எதற்கு, காலண்டர் போதுமே. இந்தோனேசியாவின் கார்த்தினி மாதிரி ஊரறிந்த பெயர்கள் ஒரு வகை. ஆஸ்திரேலியா ஐம்பது டாலரில் எடித் கோவன் இருக்கிறார். அந்நாட்டு நாடாளுமன்றம் ஒன்றுக்குத் தேர்வான முதல் பெண். வெளியூர்க்காரனுக்கு அவர் பெயரே நோட்டில் பார்த்துத்தான் தெரியும். தேவகிக்கும் அதே வேலையை நோட்டு செய்யட்டும்.

நோட்டுப்பெட்டி:
ஒரு எச்சரிக்கை. ஏற்றி வைத்தவரை இறக்கவும் செய்வார்கள். பிலிப்பீன்ஸ் ஆயிரம் பெசோவில் ஜப்பானியரை எதிர்த்து உயிரைக் கொடுத்த மூன்று பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் ஹோசேபா யானெஸ் எஸ்கோதா என்ற பெண். 2022-இல் பாலிமர் நோட்டு வந்தபோது மூவரையும் எடுத்துவிட்டு கழுகைப் போட்டார்கள். அங்கே கடும் கண்டனம். மனிதனை எடுத்து மிருகத்தைப் போடுவது எளிது, மிருகத்தை எடுத்து மனிதனைப் போடுவதுதான் கஷ்டம். நம்முடையது இரண்டாவது வகை.

மங்குதுடைப்பு:
ஐரின் பெர்னாண்டஸ் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். 1991-இல் தெனாகனித்தா என்ற தொழிலாளர் உரிமை அமைப்பைத் தொடங்கியவர். தோட்டத்தில் களைக்கொல்லி தெளிக்கிற பெண்களின் நகம், தோல், மூச்சு பற்றி ஆதாரத்தோடு பேசிய ஆள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி இந்த நாட்டில் 2020 ஜனவரியில்தான் தடையானது, அப்போது அவர் உயிரோடு இல்லை. 2003-இல் சிறைத்தண்டனை தீர்ப்பு, 2008-இல் விடுதலை. 2005-இல் வெளிநாட்டில் ரைட் லைவ்லிஹுட் விருது. வழக்குப் போட்ட அரசாங்கமே நோட்டில் போடுமா என்று கேட்பீர்கள். போடாது. பட்டியலிலாவது இருக்கட்டும்.

பால்மரம்:
எல்லாரும் பேரு சொல்றீங்க, நான் பேரில்லாதவளைச் சொல்றேன். ஐம்பது வெள்ளி பின்னால செம்பனை மரம் இருக்குல்ல? மரம் தானா நின்னுச்சா? அந்த மரத்துக்கு முன்னால நம்ம நாட்டுக்குச் சோறு போட்டது பால்மரம், அதான் ரப்பர் மரம். அதை வெட்டுனவள் எங்க?

கணக்குப் பாருங்க. 1927-இல சர்க்காரு நிர்ணயிச்ச தோட்டக் கூலி ஆம்பளைக்கு 50 காசு, பொம்பளைக்கு 40 காசு. பெரட்டுல, காலையில பேர் கூப்புடுற எடத்துல, நிக்கிற நேரம் ஒண்ணு, ஏறுற மலை ஒண்ணு. கூலிச் சீட்டுல மட்டும் பத்து காசு கம்மி. 1941 கிள்ளான் வேலைநிறுத்தக் கோரிக்கையில கூலி மட்டும் இல்ல, தோட்டத்துப் பொண்ணுங்ககிட்ட அத்துமீறுறதை நிறுத்துன்னும் ஒண்ணு இருந்துச்சு. காசுல படம் வரணும்னா காசைக் கொறச்சி வாங்குனவ படம்தான் மொதல்ல வரணும்.

சரித்திரம்சார்:
இதை எதிர்பார்க்கவில்லை. ஒத்துக்கொள்ள ஆசைதான், ஒரு பயமும் இருக்கிறது. பேர் இல்லாத உழைப்பாளிப் பெண் என்றால் அது அலங்காரமாகிவிடும். கூடை தூக்கிச் சிரிக்கிற சுற்றுலாச் சுவரொட்டி மாதிரி. சிபில் என்றால் குழந்தைகள் யார் என்று கேட்பார்கள், பதில் சொல்லலாம். பால்வெட்டும் பெண் என்றால் "அழகா இருக்கு" என்று மடித்துவிடுவார்கள்.

பால்மரம்:
சிரிக்கிற மாதிரி வரையக் கூடாதுன்னு எழுதிக் கொடுப்போம். பால் வெட்டுறப்ப யாரு சிரிச்சா? கண்ணு வெட்டுவாயில இருக்கும்.

அச்சுக்கூடம்:
அலங்காரமா இல்லையா என்பது வரைகிறவன் வேலை தெரிந்தவனா என்பதைப் பொறுத்தது. பால்மரம் அண்ணே, ஓவியருக்குக் கொடுக்கிற மாதிரி விவரம் சொல்லுங்க. வரைகிறவர் பால்மரத்தையே பார்க்காதவர் என்று வைத்துக்கொள்ளுங்க.

பால்மரம்:
சரி, எழுதிக்குங்க.

வெட்டுச் சாய்வு: மரத்தைப் பார்த்து நின்னா இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே. இதைத் தலைகீழாப் போட்டா தோட்டத்துல வளந்த எவனும் அந்த நோட்டை மதிக்க மாட்டான். காரணம் இருக்கு. பட்டைக்குள்ள பால் குழாய் நேரா நிக்காது, கொஞ்சம் வலப்பக்கமாச் சாஞ்சி ஏறும். இடது மேலேர்ந்து வலது கீழே வெட்டுனாதான் அதிகக் குழாய் அறுபடும். ஒட்டுக்கட்டுன மரத்துக்குச் சாய்வு 30 டிகிரி. வெட்டு மரத்தைச் சுத்தி பாதி தூரம்தான் போகணும். முழுசாச் சுத்தி வரையக் கூடாது.

கத்தி: ஜெபோங் கத்தி. தன் பக்கமா இழுத்து வெட்டுறது. தள்ளுற மாதிரி கையை வரைஞ்சா தப்பு. ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சத்தே மேல சீவணும், அவ்வளவுதான். ஆழமாப் போய் மரத்தைத் தொட்டுட்டா காயம். அந்த எடத்துல புதுப்பட்டை முண்டு முண்டா வரும், அடுத்த சுத்துக்கு வெட்ட முடியாது. அதனால சீவல் மெலிசா, சுருளா விழற மாதிரி வரையணும்.

மங்கு, அதான் பால் புடிக்கிற கிண்ணம்: வெட்டோட கீழ்க்கோடியில, வலப்பக்கம். தகரத் துடுப்பு ஒண்ணு பட்டையில குத்தி, அதுக்கு நேர் கீழ கம்பியில மங்கு. மங்கு நடுவுல தொங்குனா பால் தரையில போவும்.

வெளிச்சம்: வெயில் ஏறுறதுக்கு முன்னால மரத்துல அழுத்தம் ஜாஸ்தி, பால் நல்லா ஓடும். அதான் இருட்டுல போறது. நெத்தியில விளக்கு. நடு வெயில்ல வெட்டுற மாதிரி பின்னால சூரியனைப் போடாதீங்க. உடுப்பு முழுக்கைச் சட்டை, தலையில துண்டு. கொசு புடுங்கும்.

அச்சுக்கூடம்:
நெற்றி விளக்குதான் தங்கம். ஒரே பக்கத்திலிருந்து வெளிச்சம் வேண்டும் என்று நான் சொன்னது அதிலேயே கிடைத்துவிடுகிறது. மரத்தில் விழுந்து திரும்பும் வெளிச்சத்தில் கன்னம், மூக்கு, கைவிரல் தெரியும். முதுகுப்பக்கம் இருட்டில் கரையும். தலைத்துண்டு வெளிர் நிறத்தில் இருந்தால் முடியும் இருட்டும் கலக்கிற தொல்லையும் இல்லை.

இனி எதில் போடுவது. முன்பக்கத்தைத் தொட்டால் செலவு வேறு மாதிரி. காகித நோட்டில், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும் நீர்க்குறியும் மாமன்னர் முகம்தான். முகம் மாறினால் காகிதம் தயாரிக்கிற அச்சே மாறணும். பின்பக்கம் என்றால் அச்சுத்தகடு மட்டும். ஆனால் வங்கியில் பணம் போடுகிற இயந்திரம் இரண்டு பக்கத்தையும், எப்படித் திருப்பி வைத்தாலும், படித்துப் பார்க்கிறது. ஆகவே பின்பக்கம் மாறினாலும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் புது மாதிரியை ஏற்றணும். பழைய நோட்டும் புது நோட்டும் சேர்ந்து ஓடுகிற காலத்தில் பெட்டிக்கடையில் "இது செல்லுமா?" என்ற கேள்வி ஓயாது.

கித்தாக்காட்டான்:
சில்லறைக் காசில் போட்டால் என்ன? ஐம்பது காசு எல்லார் கையிலும் புழங்குதே.

நோட்டுப்பெட்டி:
இப்போதைய ஐம்பது காசின் குறுக்களவு 22.65 மில்லிமீட்டர், பத்து காசு 18.80. அதில் ஆள், மரம், கத்தி, மங்கு எல்லாம் போட்டால் கத்தி தலைமுடி அளவு கோடாகிவிடும். இரண்டு வருடம் சட்டைப்பையில் உரசினால் கத்தி காணாமல் போகும், அப்புறம் அவள் மரத்தைத் தடவுகிற மாதிரி இருக்கும். காசு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கணும் என்பதால் விளிம்புக்கு மேல் உருவத்தை உயர்த்தவும் முடியாது. காசுக்கு மார்பளவு முகம்தான் சரி. அதற்கு சிபிலோ தேவகியோ பொருந்துவார்கள்.

புது அளவில் காசு அடிக்கலாம் என்று யாராவது சொல்வதற்கு முன்: அமெரிக்கா 1979-இல் சூசன் பி. அந்தோணி டாலர் காசு விட்டது. கால் டாலர் 24.3 மில்லிமீட்டர், இது 26.5. நிறமும் ஒன்று. மக்கள் குழம்பிப்போய் வாங்கவே மாட்டேன் என்றார்கள். குறை அந்த அம்மாவிடம் இல்லை, அளவில்தான் இருந்தது. பழி மட்டும் "பெண் படம் போட்ட காசு ஓடவில்லை" என்று வந்தது.

முதல் அடிக்குத் தோதானது நினைவு நாணயம். பேங்க் நெகாரா வழக்கமாக ஒரு ரிங்கிட் காசை நோர்டிக் தங்கம் என்ற செம்புக் கலவையிலும், பத்து ரிங்கிட்டை வெள்ளி உலோகத்திலும், நூறு ரிங்கிட்டைத் தங்கத்திலும் விடுகிறது. இயந்திரத்தை மாற்றவேண்டாம், புழக்கத்தையும் தொடாது. குறை என்னவென்றால் சேகரிப்பவன் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

பால்மரம்:
பெட்டிக்குள்ள படுக்கிறதுக்கு அவள் எதுக்கு? மீன் வாங்குற நோட்டுல வரணும். பத்து வெள்ளியில போடுங்க. ரஃப்லேசியா கோவிச்சுக்காது.

டீச்சரக்கா:
அப்போது மனுவை இப்படிப் பிரிக்கலாமா? நினைவு நாணயத்துக்கு மூன்று முகம்: சிபில், ஜானகி, தேவகி. தனித்தனிக் காசு, ஒரே வரிசை. அடுத்த நோட்டு வரிசை எப்போது வந்தாலும் பத்து வெள்ளியின் பின்பக்கத்துக்குப் பால்வெட்டும் பெண். சித்தி வான் கெம்பாங்கை நான் இன்னும் விடவில்லை, அவரைத் தனியாக எழுதுகிறேன்.

சரித்திரம்சார்:
ஜானகியும் சிபிலும் ஒரே வரிசையில் என்றால் ஒவ்வொருவருக்கும் ஆண்டையும் இடத்தையும் காசிலேயே பொறிக்கச் சொல்லுங்கள். "பாப்பான் 1943", "சிங்கப்பூர் 1943". விளக்கவுரை வேண்டாம், படிக்கிறவன் தானே கேட்பான். பால்வெட்டும் பெண்ணுக்கு நான் ஒத்துக்கொள்கிறேன், ஒரு நிபந்தனையோடு. நோட்டின் மூலையில் சின்ன எழுத்தில் "40 காசு" இருக்கணும்.

அச்சுக்கூடம்:
நோட்டில் இன்னொரு தொகை எழுதினால் குழப்பம் சார், அதற்கு விடவே மாட்டார்கள். வேண்டுமானால் நுண்ணெழுத்தில், பூதக்கண்ணாடி வைத்தால் மட்டும் தெரிகிற மாதிரி, சீவல் சுருளுக்குள் "1927" என்று ஓடவிடலாம். நுண்ணெழுத்து எப்படியும் ஒரு பாதுகாப்பு அம்சம்தான். மாதிரி வரைபடம் ஒன்று போட்டிருக்கிறேன், பாருங்கள்.

பால்மரம்:
பார்த்தேன் தம்பி. மங்கு சரி, விளக்கு சரி. இடது கை எங்க போச்சு? வெட்டுறப்ப சும்மா தொங்காது, அதுவும் கத்திப்புடியில இருக்கும், வலது கைக்கு ஒத்தாசையா. அதைத் திருத்திட்டு மறுபடி போடுங்க.